அங்கப்பன் சிரித்ததாகப் போன் சொன்னது

சிங்காநல்லூரில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் அங்கப்பனுக்கு வாழ்க்கையில் ஒரே கொள்கைதான்: தம்பி நாச்சிமுத்துவோடு பேசுவதில்லை. பொதுக் கிணற்றில் யார் முதலில் மோட்டார் போடுவது என்று ஆரம்பித்த சண்டை. இப்போது அந்தக் கிணற்றில் தண்ணீரே இல்லை. அடடா, என்ன வீம்பு! அந்த வீம்பால்தான் சொந்தத்தில் தனக்கு மரியாதை என்று அவர் மனதார நம்பினார்.

மகள் மோகனப்பிரியாவுக்குச் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை. அவள் கம்பெனியில் ஒரு செயலி செய்திருந்தார்கள். விசேஷத்தில் யார் போன் யார் போனுக்குப் பக்கத்தில் இருந்தது, சுற்றிலும் பேச்சா சிரிப்பா என்று அதுவே கவனித்துக் குறித்துக்கொள்ளும். குலதெய்வக் கோயில் காதுகுத்துக்கு வந்த சொந்தக்காரர்களைக் கேட்டு, எல்லோர் போனிலும் ஏற்றிவிட்டாள்.

சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது: “இன்று அதிக நேரம் ஒன்றாக இருந்தவர்கள் அங்கப்பன், நாச்சிமுத்து. அதிகம் சிரித்தவர்களும் இவர்களே.”

கும்பிடு படங்கள் குவிந்தன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாக ஒரு பெரியப்பா பேசியே அனுப்பினார். அங்கப்பன் வீடே அதிரக் கத்தினார்.

“ஏனுங்க, கத்தாதீங்க,” என்றாள் மனைவி சாந்தாமணி. “சாமி கும்புடறதுக்குச் சட்டையக் கழட்டறப்ப போனையும் எங்கிட்டத்தான குடுத்தீங்க? உங்க தம்பியும் அவுரு ஊட்டுக்காரிகிட்டக் குடுத்துபோட்டாரு. நாங்க ரெண்டு பேரும் பையப் பக்கத்துல வெச்சுட்டுப் பேசிட்டிருந்தமுங்க.”

“அவகூட உனக்கென்ன பேச்சு?”

“சண்டை உங்க ரெண்டு பேருக்குத்தானுங்களே. நாங்க எப்பவும் பேசறதுதானுங்க.”

அங்கப்பன் போனை எடுத்தார். ‘பொய்’ என்று குழுவில் போடப் போனவர் நிறுத்திக்கொண்டார். முதலில் அவன் மறுக்கட்டும், நாம் முந்தினால் இளப்பம்.

விடிந்தும் தம்பி மறுக்கவில்லை. பட்டறையில் காயிலைத் தப்புத் தப்பாகச் சுற்றிப் பிரித்தார். மானம் போகிறதே என்று பைக்கை எடுத்துக்கொண்டு நேரே தம்பி வீட்டு வாசலில் போய் நின்றார்.

“ஏன்டா, நாம ரெண்டு பேரும் சிரிச்சம்னு வந்திருக்குது. பொய்யின்னு போட வேண்டியதுதான?”

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். “போடலாம்னுதான் போனை எடுத்தனுங்கண்ணா. மனசு வல்லீங்க. அதுலயாச்சும் நாம ஒண்ணா இருந்துட்டுப் போறமுன்னு உட்டுட்டேன்.”

அங்கப்பனுக்கு அழுகை முட்டியது. அதற்கும் தம்பியைத்தான் திட்டினார்.

“வந்தவன வாசல்லயே நிக்க வெச்சுப் பேசுவியாடா? தள்றா அக்கட்டால.”