மான் சுட இடம் தேடி மூன்று நாள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குத் துபாய் சத்வாவிலிருந்து கிளம்பினோம். வண்டி கம்பெனியுடையது. ஓட்டியவர் ஜெரால்டு, கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். போகிற காரியம், மான் சுடுவதற்கு இடம் பார்த்து அதற்கு அனுமதியும் வாங்கி வருவது. சிரிக்காதீர்கள். பத்தொன்பது வருடமாக துபாயில் நான் பார்க்கும் வேலை இந்த மாதிரிதான். மந்தூப் என்பார்கள். கம்பெனிக்காக அரசு அலுவலகங்களில் கால் கடுக்க நின்று முத்திரை வாங்கி வருகிறவன். விசா, லைசன்ஸ், கிடங்குப் பத்திரம், ஒருமுறை ஒரு படகுக்குப் பெயர் மாற்றம் எல்லாம் செய்திருக்கிறேன். மானுக்கு இதுதான் முதல் தடவை.

எங்கள் முதலாளியை அர்பாப் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய தாய்மாமா கத்தாரிலிருந்து வருகிறார், அவர் ஒரு மான் சுட வேண்டும். சட்டப்படி, நாளைக்கு ஒருவரும் கேள்வி கேட்க முடியாதபடி. "வியாழக்கிழமைக்குள் முடி. முடித்தால் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போ" என்றார் அர்பாப். என் மனைவி செல்விக்கு மதுரையில் திங்கட்கிழமை கர்ப்பப்பை ஆபரேஷன். ஏற்கெனவே மூன்று தடவை தேதி தள்ளிப்போட்டாயிற்று, மூன்றும் எனக்கு லீவு கிடைக்காததால். இந்தத் தடவை டாக்டரம்மா, "உங்க வீட்டுக்காரர் வந்தாலும் வராட்டாலும் திங்கக்கிழமை ஆபரேஷன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். என் லீவு பாரம் அர்பாபின் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. கழுதைக்கு வாக்கப்பட்டால் உதைக்கு அஞ்ச முடியுமா?

"ஊர்ல பன்னியச் சுட்டாலே போலீசு புடிச்சிட்டுப் போவும். இங்க மானு சுட சீட்டு குடுப்பாங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார் ஜெரால்டு. எனக்கும் அதே சந்தேகம்தான்.

காலை எட்டு மணிக்கு ராஸ் அல் கைமா. நூற்றுப் பத்து கிலோமீட்டர். மலைப்பக்கம் மான் உண்டு என்று யாரோ அர்பாபிடம் சொல்லியிருந்தார்கள். அலுவலகத்தில் ஒரு பெரியவர் காவா என்கிற அரபுக் காப்பியை ஊற்றிக் கொடுத்து, நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு இந்தியில், "பாய், மலையில் இருப்பது யாருடைய மானும் இல்லை. அதனால் யாரும் தொடக் கூடாது. கலாஸ், அவ்வளவுதான்" என்றார். ஆனால் நல்ல மனிதர். வேலி போட்ட சொந்த நிலம், அங்கேயே பிறந்து வளர்ந்த மான், காதில் எண் வில்லை, மாட்டு டாக்டரின் சான்றிதழ், இவையெல்லாம் இருந்தால் சில இடங்களில் அனுமதி கிடைக்கலாம், தெற்கே, மேற்கே போய்க் கேட்டுப் பார் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். திரும்பும்போது டிராஃபிக். நூற்றுப் பத்து கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம்.

புதன்கிழமை அல் ஐன். நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர். பண்ணை கச்சிதம், சுற்றிலும் ஆளுயரச் சுவர், உள்ளே பதினைந்து மான்கள், உரிமையாளருக்கும் சம்மதம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் நாளிலேயே பாதி வேலை முடிந்ததே என்று சுவரின் மறுபக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே லேபர் கேம்ப்! முந்நூறு மீட்டர் கூட இருக்காது. கொடியில் லுங்கி காயப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "என்னண்ணே, புது பில்டிங் வருதா?" என்று தமிழில் கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் துப்பாக்கி சுடலாமா என்று பார்க்க வந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? "சும்மா வந்தேம்பா" என்றேன். சாலையோரத்தில் பதினான்கு திர்ஹாமுக்கு ஒரு பிரியாணி வாங்கி இருவரும் பாதிப் பாதி தின்றோம். இறங்கவில்லை.

மாலையில் செல்வி கூப்பிட்டாள். "டிக்கெட் போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றேன்.

"பொய்தானே?"

"ஆமா."

அவள் போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை விடிவதற்கு முன் புறப்பட்டு ஒன்பது மணிக்கு ருவைஸ் சேர்ந்தோம். ஏறக்குறைய முந்நூற்று அறுபது கிலோமீட்டர். எண்ணெய் ஆலைக் குழாய்கள் கடல் வரைக்கும் போகின்றன. ஒன்றரை திர்ஹாமுக்கு ஒரு கரக் டீ குடித்துவிட்டு, அந்தப் பக்கத்து அலுவலகத்துக்குப் போனேன். கௌண்டரில் இருந்த பெண் என் தாள்களையும் அர்பாப் கொடுத்திருந்த பண்ணைப் பட்டியலையும் புரட்டிவிட்டு, கயாதி ஊருக்கு அப்பால் அர்பாபின் சிநேகிதர் ஒருவரின் பண்ணைக்கு எல்லாப் பதிவும் சரியாக இருக்கிறது என்றாள். இடத்தை நேரில் பார்த்து, வீடும் சாலையும் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தோடு விண்ணப்பித்தால் போதுமாம். அந்தக் கௌண்டரிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு முத்திரைக்கு அழுத முதல் மந்தூப் நானாகத்தான் இருப்பேன்.

கயாதி தாண்டி முப்பது கிலோமீட்டர், அதன்பின் மண் பாதையில் பதினொன்று. பன்னிரண்டு மணிக்குப் பண்ணையை அடைந்தோம். கம்பி வேலி கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஓடியது. பக்கத்தில் வீடு இல்லை, சாலை இல்லை, மனுஷ வாடையே இல்லை. கதவைத் திறந்தவர் முத்துக்கருப்பன். அறந்தாங்கிப் பக்கம், நாற்பது வயதிருக்கும். அவர் ஒருவர்தான் அங்கே காவல், தீவனம், மோட்டார் எல்லாம்.

"தமிழாண்ணே? வாங்கண்ணே, வாங்க. பத்து மாசமாச்சுண்ணே நேர்ல ஒரு ஆளப் பாத்துத் தமிழ் பேசி" என்று ஜெரால்டின் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. பண்ணை முதலாளியான தன் கஃபீல் முன்பே சொல்லிவிட்டாராம். "இது ஒத்து வந்தாத்தான் பண்ணைய வச்சுக்குவேன், இல்லாட்டி வித்துருவேங்குறாரு. வித்தா நான் ஊருக்குத்தான்" என்றார்.

"மான் எங்கே? ஒன்றையும் காணோமே" என்றேன்.

அவர், "கஃபீல்கிட்ட சொல்ல மாட்டீங்களேண்ணே?" என்று கேட்டுவிட்டு, பிக்கப்பில் ஏறி ஹாரனை இரண்டு தடவை அடித்தார்.

மணல் மேட்டுக்குப் பின்னாலிருந்து வந்தன. ஒன்று, நான்கு, பிறகு எண்ண முடியவில்லை. வெளிர் மஞ்சள் உடம்பு, கறுப்பு மூக்கு, காதில் மஞ்சள் வில்லை. ஓடி வந்த வேகத்தில் புழுதி எங்கள் மேல் படிந்தது. ஒரு பெட்டை மான் நேராக வந்து முத்துக்கருப்பனின் சட்டைப் பைக்குள் மூக்கை விட்டது.

"அட கடவுளே!" என்றார் ஜெரால்டு.

மான்கள் ஆளைப் பார்த்து மிரள வேண்டும், அதனால் விடிவதற்கு முன்பே போய்ச் சத்தமில்லாமல் குதிரைமசால் தீவனத்தைப் போட்டுவிட்டு வந்துவிடு என்பதுதான் கஃபீலின் உத்தரவு. முத்துக்கருப்பன் ஆடு மேய்த்த குடும்பம். "கூப்புடாமத் தீவனம் வைக்க எனக்குக் கை வரலண்ணே. எங்க ஊர்ல நாய்க்குக்கூடப் பேரச் சொல்லித்தான் சோறு வைப்போம். வா, வந்து தின்னுன்னு ஒரு வார்த்த சொல்லாமப் போட்டா அது குப்பையில கொட்டுற மாதிரி இல்ல? மொத மாசம் வாயால கூப்புட்டேன். காத்துல கேக்கல. அப்புறந்தான் ஹாரன்."

"இது தெரிஞ்சா என்ன பண்ணுவார்?"

"விசாவக் கேன்சல் அடிச்சு ஊருக்கு அனுப்பிருவாருண்ணே."

ஜெரால்டு ஒரு மானின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் தூரங்களை அளந்து வரைபடம் போட்டேன். கை வேலை செய்தது, மனம் செய்யவில்லை. காகிதப்படி இதைவிடப் பொருத்தமான நிலம் இந்த நாட்டிலேயே கிடையாது. ஆனால் இதற்கு வேட்டை என்று பெயரா? கூப்பிட்டுச் சோறு போடுகிறவனை நம்பி ஓடி வருகிறதைச் சுடுவதற்கு என்ன பெயர்? சும்மா இருந்தால் வெள்ளிக்கிழமை விமானம். மூன்று தடவை ஏமாந்தவள் அங்கே காத்திருக்கிறாள்.

ருவைஸ் திரும்பும் வழியில் அர்பாபை அழைத்தேன். முத்துக்கருப்பனின் பெயரை எடுக்கவில்லை. நிலம் சரி, காகிதம் சரி, ஆனால் மான்கள் சரியில்லை என்றேன். "ரொம்பப் பழகிவிட்டன, அர்பாப். வண்டி ஹாரன் அடித்தால் பக்கத்தில் வந்து நிற்கின்றன. மாமாவுக்கு இது மரியாதை இல்லை. வேட்டையே இல்லை இது." பத்தொன்பது வருடத்தில் அவரிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. லீவு போயிற்று என்று தெரிந்தேதான் பேசினேன். செல்வியிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி அவர் பதிலுக்குக் காத்திருந்தேன்.

"எவ்வளவு பக்கத்தில்?" என்றார்.

"கை நீட்டினால் தொடலாம்."

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். சந்தோஷத்தில் குரலே உயர்ந்துவிட்டது. மாமாவுக்கு எண்பது வயது. பக்கவாதம் வந்தபின் வண்டியை விட்டு இறங்க முடியாது, கண்ணும் மங்கல். வாலிபத்தில் பாலைவனமெல்லாம் வேட்டையாடியவர், சாவதற்குள் இன்னொரு தடவை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். எந்த மான் அவருக்காக நிற்கும் என்று ஆறு மாதமாகக் கவலைப்பட்டேன், நீ கண்டுபிடித்துவிட்டாய் என்றார். "உன் லீவு பாரத்தில் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். யல்லா, மனைவியைப் போய்ப் பார்."

ஜெரால்டிடம் சொன்னேன். அவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "நீங்க வாய மூடிட்டு இருந்திருக்கலாம் அண்ணாச்சி" என்றார். மூடியிருந்தாலும் லீவு கிடைத்திருக்கும். அதுதான் கொடுமை. ருவைஸில் வரைபடத்தோடு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு துபாய் திரும்பினோம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் விமானம் ஏறினேன். திங்கட்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் செல்வி என் கையைத் தொட்டுப் பார்த்து, "நெசமாவே வந்துட்டீங்களா" என்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு முத்துக்கருப்பன் கூப்பிட்டார். முதலில் அவர், "அண்ணி எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்டார். ஜெரால்டு சொல்லியிருப்பார் போல. அப்புறம்தான் தன் விஷயத்துக்கு வந்தார். கஃபீல் வந்து தோளில் தட்டிப் பாராட்டினாராம், விசாவைப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டாராம். வேட்டை வியாழக்கிழமை. ஹாரனை அவர்தான் அடிக்க வேண்டுமாம்.

"நான்தான்யா சொன்னேன்" என்றேன். "நல்லது செய்யறதா நெனச்சுச் சொல்லிட்டேன்."

"தெரியும்ணே. விடுங்க. இப்ப ஹாரன் அடிக்கிறதில்லண்ணே. நாலு நாளா வண்டிச் சத்தம் கேட்டு வந்தாலும் கல்ல எடுத்து எறியிறேன். என்னக் கண்டா ஓடணும், வண்டியக் கண்டா ஓடணும்னு எறியிறேன்."

"ஓடுதா?"

"கொஞ்ச தூரம் ஓடுதுங்கண்ணே" என்றார். "அப்புறம் திரும்பி வந்து, கல்லு விழுந்த எடத்துல மோந்து மோந்து பாக்குதுங்க. நான் என்னமோ திங்கப் போட்டேன்னு."