ஜெட் ஊதிய வாய்

கும்மிடிப்பூண்டி போகும் வழியில் இன்று காலை பைக் நின்றுவிட்டது. ஆரணியில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கும் செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன். "கார்புரேட்டர்ல ஜெட்டு, அதான் பெட்ரோல் வர்ற பொடி ஓட்டை, அடைச்சிக்கினு இருக்கும். கழட்டி வாயால ஊதுடா" என்றாள்.

ஊதினேன். உதட்டில் பட்ட பெட்ரோல், இப்போது கன்டெய்னர்கள் அடுக்கிக் கிடக்கும் இடத்தில் முன்பிருந்த நைனாவின் தகரக் கொட்டகைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது.

ஞாயிறுதோறும் எங்கள் பழைய பிக்கப் வண்டிக்கு அடியில் நைனா மல்லாந்து படுத்து கிளட்ச் கேபிளை முறுக்க, அக்கா சீட்டின் நுனிக்கு நகர்ந்து காலை எட்டிப்போட்டு, "மிதி... உடு... இன்னொரு தபா மிதி" என்ற அவர் குரலுக்குப் பெடலை அமுக்குவாள், பிறகு இருவரும் ஜெட்டை மாற்றி மாற்றி ஊதுவார்கள், ஒரே கந்தலில் கை துடைப்பார்கள், இருவர் மூச்சிலும் பெட்ரோல் மணக்கும்.

எனக்கு வாசலில் ஸ்டூலும் கணக்கு நோட்டும்.

"நான் மிதிக்கிறேன் நைனா."

"நீ படிக்கிற புள்ள. கிரீஸ் பட்டா நோட்டு பாழாப்பூடும், குந்தி எழுது."

"வாய்ப்பாடு சொல்லுடா வாத்தியாரே, வண்டி ஸ்டார்ட் ஆவுதா பாக்கலாம்!" என்று அக்கா உள்ளிருந்து சிரிப்பாள். அவள் கால் அந்தப் பெடலிலிருந்து வழுக்காதா என்றுகூட வேண்டியிருக்கிறேன்.

பைக் கிளம்பிவிட்டது. ஆபீசில் டீ வந்தபோது வேண்டாம் என்றேன். அந்த வாசனை இன்னும் கொஞ்ச நேரம் என் வாயில் இருக்கட்டும். அவளுக்கென்ன, தினமும் கிடைக்கிறது.