சத்தியபாமா அக்காவும் புகைக்கூட்டுக்காரரும்

கதவைச் சங்கிலியோடு நாலு விரல் அகலம் திறந்து, அந்த இடுக்கில் ஒரு கண்ணையும் பாதி மூக்கையும் மட்டும் காட்டியபடி சத்தியபாமா அக்கா கேட்கிறார்: "உங்கள் ஆட்கள் எந்தப் பக்கம்?" ஆங்கிலத்தில்தான் கேட்கிறார். வெளியே நிற்பவர் மின்சார மீட்டரைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர். அதைச் சொல்கிறார். "அது தெரிகிறது. பிறந்த ஊர் எது? அப்பா என்ன செய்கிறார்? அம்மா எந்த ஊர்?" மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிகிறார். பெண்டிகோ பக்கம் ஆட்டுப் பண்ணை, அம்மாவின் ஆட்கள் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார். அக்காவுக்குத் திருப்தி. கதவு படாரென்று சாத்தப்படுகிறது.

பயப்பட வேண்டாம். அந்தச் சங்கிலியைக் கழற்ற வேண்டுமானால் கதவை ஒரு தடவை முழுக்க மூடித்தான் ஆக வேண்டும். கொக்கி வேறு துருப்பிடித்தது, லேசில் விடாது. மூஞ்சியில் அறைந்த மாதிரி சாத்திவிட்டு, உள்ளே சற்று மல்லுக்கட்டிய பிறகு அகலத் திறந்து, "வாங்கோ, வாங்கோ" என்று தமிழில் வரவேற்பார். புதிதாக வருகிறவர்களில் சிலர் அதற்குள் கேட் வரைக்கும் போயிருப்பார்கள்.

மெல்போர்னில், நோர்த்கோட்டில், அந்தத் தெருவில் யார் யாருக்கு என்ன உறவு என்பது தபால் இலாகாவைவிட அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தபால்காரரின் தங்கையை ஜீலோங்கில் கொடுத்திருக்கிறது. பால்காரர் ஸ்பிரோவின் தாய்மாமனுக்கு கிரேக்க தேசத்தில் எண்ணெய்ச் செக்கு. "நல்ல குடும்பம், தம்பி. பாலில தண்ணி விடமாட்டான்" என்று என்னிடம் சான்றிதழ் கொடுத்தார். பால் சீல் வைத்த போத்தலில் வருகிறது, ஸ்பிரோ நினைத்தாலும் அதில் தண்ணீர் விட முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் அந்த வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். அறை பார்க்கப் போன அன்று எனக்கும் இதே விசாரணைதான். மன்னார்குடி என்றதும் யாழ்ப்பாணத்துக்காரியான அக்காவுக்குக் கண் விரிந்தது. "எங்கட கரவெட்டிக் கோயில் திருவிழாவுக்கு அங்கயிருந்துதானே ஒரு நாதஸ்வரக்காரர் வந்தவர்? நீர் அவருக்கு ஏதும் சொந்தமோ?" இல்லை என்றேன். முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் அறையைக் கொடுத்துவிட்டார். ஊராவது சரியாக இருக்கிறதே!

தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு இந்தக் கேள்வியின் வேர் எங்கே போகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்கள் பக்கத்திலும் அதே கேள்விதான். நாங்கள் சுற்றி வளைத்துக் கேட்போம், அவர்கள் நேராகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அது பிடிக்காது. அக்காவிடமே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். "தெரியாத ஆளை என்னெண்டு தம்பி வீட்டுக்குள்ள விடுறது?" என்றார். அதைத் தவிர அவரிடம் வேறு பதில் இல்லை என்று நினைக்கிறேன். யார் எவர் என்று தெரிந்துகொண்ட பிறகு அந்த ஆளுக்காக அவர் செய்யாததும் இல்லை. ஸ்பிரோவின் தாய் காலை முறித்துக்கொண்டு படுத்தபோது, வாரம் தவறாமல் சூப் கொண்டுபோய்க் கொடுத்தவர் இவர்.

குள்ளமான உருவம். நூல் சேலைக்கு மேல் கணவரின் பழைய கம்பளிச் சட்டை. காலில் தடித்த காலுறை, அதைக் கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே அமுக்கி விட்டு ரப்பர் செருப்பை மாட்டியிருப்பார். ஊரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படிப்பித்தவர். இங்கே மத்தியானத்துக்கு மேல் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறார். அங்கே தன் வரிசையில் தைக்கிற பெண்கள் எல்லாருடைய ஊரும் தெரியும், மேற்பார்வையாளருடைய ஊர் மட்டும் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று ஒரு குறை.

கணவர் கணேசலிங்கம் அண்ணன் நேர்மாறு. யாரையும் எதுவும் கேட்கமாட்டார். கேட்பதற்கு மூச்சும் இல்லை. அவருக்குத் தொய்வு, நாங்கள் ஆஸ்துமா என்பது; குளிர் வந்துவிட்டால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். எழுபத்தாறாம் வருஷக் குளிரில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மண்ணெண்ணெய் ஹீட்டர் இனி அந்த வீட்டில் கூடாது, ஆனால் அறை கதகதப்பாக இருந்தே ஆக வேண்டும். அண்ணன் ஒரு பெயின்ட் கம்பெனிக் கிடங்கில் குமாஸ்தா. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்னொரு தடவை படுத்தால் அந்த வேலை போய்விடும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

முன்னறையில் ஒரு பழைய கணப்பு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு முன்னால் கட்டிய செங்கல் வீடு. கடைசியாக அதில் யார் நெருப்பு வைத்தார்களோ! விறகு அடுக்கிப் பற்றவைத்துப் பார்த்தோம். மேலே போக வேண்டிய புகை நேராக எங்களைப் பார்க்க வந்தது. "புகைக்கூடு அடைச்சிருக்கு. அதுக்கெண்டு ஒரு ஆள் இருப்பான்" என்றார் அக்கா. பத்திரிகை விளம்பரத்தில் பார்த்து ஒருவரை வரவழைத்தார்.

அந்த ஆள் சங்கிலிக்கு வெளியே நின்று அளித்த பேட்டியைப் போல் ஒன்றை அக்கா அதுவரை கேட்டதில்லை. டாஸ்மேனியாவில் தாத்தாவின் ஆப்பிள் தோட்டம். மாமா பாதிரியார். அக்காள் நர்ஸ். கேட்காததற்கும் பதில் சொன்னார். அக்கா குளிர்ந்துபோனார். நல்ல கோப்பையில் தேநீர் கொடுத்தார். அதோடு விட்டாரா? நல்ல குடும்பத்துப் பிள்ளை வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று கண்காணிப்பது மரியாதை இல்லை என்று குசினிக்குள் போய், அந்த ஆளுக்குக் கொடுத்தனுப்ப வடை சுட உட்கார்ந்துவிட்டார். வடை முடிவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. சாக்கில் கொஞ்சம் கரியைக் காட்டிவிட்டு, வடையும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலை அண்ணன் கதிரையைக் கணப்புக்கு எதிரே இழுத்துப் போட்டு, கால்களை நீட்டி, ராஜா மாதிரி உட்கார்ந்தார். நெருப்பு அழகாகத்தான் பிடித்தது. பிறகு புகை தயங்கியது, திரும்பியது, அறை முழுக்க இறங்கியது. அந்த வீட்டு ஜன்னல்கள் பெயின்ட் அப்பி ஒட்டிப்போனவை. நான் குத்திக் குத்திப் பார்த்தும் ஒன்றும் திறக்கவில்லை. அண்ணனை இரண்டு பேருமாகத் தூக்கி வெளியே கொண்டுவந்தோம். உதடு நீலமாக இருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அக்கா அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸில் வந்தவர்களிடம் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு மூச்சு சீரான பிறகுதான் அக்காவுக்கு வாய் திறந்தது. "அவன் டாஸ்மேனியா இல்லைத் தம்பி. பொய் சொல்லிப்போட்டான். பாதிரியார்ர மருமோன் இப்பிடிச் செய்யமாட்டான்." ஏமாந்தோம் என்பதை ஒப்புக்கொண்டாலும் தன் கேள்வியில் பிழை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. கட்டிலில் கிடந்த அண்ணன் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார்.

"இஞ்சேரும். அடுத்தவன் வரேக்க அவன்ர மாமனைப் பற்றிக் கேக்காதையும். புகைக்கூட்டைப் பற்றிக் கேளும்."

அவ்வளவு நீளமான வாக்கியத்தை அவர் பேசி நான் கேட்டதில்லை. அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஓம்" என்றார்.

அண்ணன் வீடு திரும்பினார். கம்பெனி இன்னும் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தது. குளிரோ பாதிகூடப் போகவில்லை. இந்தத் தடவை ஸ்பிரோ ஓர் ஆளைச் சொன்னார். தன் தாய் வீட்டுப் புகைபோக்கியை ஒழுங்காகச் செய்து கொடுத்தவராம். பெயர் லெஸ். சனிக்கிழமை காலையில் வந்தார். நாற்பது வயது இருக்கும். ஒன்றோடொன்று திருகி நீட்டுகிற குச்சிகளும் தூரிகைகளும் தோளில். வாசலில் நின்ற விதமே, போ என்று சொன்னால் உடனே போய்விடத் தயாராக இருப்பதுபோல இருந்தது.

அக்கா சங்கிலியோடு கதவைத் திறந்தார். நான் பின்னால் நடையில் நின்றேன். அண்ணன் சொன்னது ஞாபகம் இருந்திருக்கும். ஆனால் வாய்ப்பழக்கம் யாரை விட்டது? "உங்கள் ஆட்கள் எந்தப் பக்கம்?"

"தெரியாது, மிஸஸ்."

"பிறந்த ஊர்?"

"இங்கிலாந்தில் எங்கேயோ. சின்னப் பையனாக இருந்தபோது கப்பலில் ஏற்றி இங்கே அனுப்பினார்கள். அநாதை இல்லத்தில் வளர்ந்தேன்."

அக்கா விடவில்லை. விடத் தெரியவில்லை என்பதுதான் சரி. "அம்மா?"

"செத்துப்போய்விட்டதாகச் சொன்னார்கள்." லெஸ் தூரிகையைத் தோள் மாற்றிக்கொண்டார். "அங்கே இருந்த எல்லாப் பிள்ளைகளிடமும் அதையேதான் சொன்னார்கள்."

அக்காவிடம் அதற்கு மேல் கேள்வியே இல்லை. ஊர், அப்பா, அம்மா, மாமன் என்று வரிசையாக வைத்திருந்த சாவிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. கதவு சாத்தப்பட்டது.

கொக்கி சிக்கிக்கொண்டது. அக்கா திருகிப் பார்த்தார். இழுக்க இழுக்க இன்னும் சிக்கியது. பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லெஸ் மூடிய கதவைச் சற்று நேரம் பார்த்தார். கோபப்படவில்லை. குச்சிகளைச் சரிசெய்துகொண்டு கேட்டை நோக்கி நடந்தார். பழகியவர் நடப்பது மாதிரி நடந்தார். "அக்கா, அவர் போறார்!" என்றேன். அக்கா என்னைத் தள்ளிவிட்டுச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கதவு திறந்தது. செருப்புகூட இல்லாமல், காலுறையோடு ஈரப் பாதையில் ஓடினார்.

"தம்பி! தம்பி! நில்லும்!"

லெஸ்ஸுக்கு அந்தச் சொல் தெரியாது. தன்னை யாரும் அந்த மாதிரி குரல் கொடுத்துக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தவராகவும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தார். அக்கா அவருடைய கையிலிருந்து ஒரு தூரிகையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அவரும் பின்னால் வந்தார்.

இந்தத் தடவை குசினிக்குப் போகவில்லை. முன்னறையில் கதிரை போட்டு உட்கார்ந்து, லெஸ் செய்கிற ஒவ்வொன்றையும் பார்த்தார். கேள்விகளுக்குக் குறைவில்லை, எல்லாம் புகைபோக்கியைப் பற்றியவை. எதனால் அடைத்தது, எவ்வளவு உயரம், எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை துடைக்க வேண்டும்? லெஸ் குறைவாகத்தான் பேசினார். கூரையில் ஏறினார், இறங்கினார். பறவைக் கூடொன்று சாக்கு நிறைய வந்தது; குச்சி, இறகு, உடைந்த செங்கல். கடைசியில் கணப்புக்குள் ஒரு கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, "பாருங்கள்" என்றார். அக்கா தரையில் குனிந்து பார்த்தார். உள்ளே ஒரு சின்னத் துண்டு வானம். "மேகம் போகுது!" என்று தமிழில் கத்தினார்.

வேலை முடிந்தும் லெஸ் போகவில்லை. தானே நெருப்பு மூட்டினார். புகை ஒழுங்காக மேலே ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணனை இன்றைக்கு இந்த அறைக்குக் கூட்டிவர வேண்டாம், நாளைக்கு வரட்டும் என்றார். அக்கா அவரைக் கைகழுவச் சொல்லிச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தார். உடம்பெல்லாம் கரி என்று அவர் கூச்சப்பட்டது எடுபடவில்லை. இடியப்பமும் சொதியும் தட்டில் விழுந்துகொண்டே இருந்தன. அந்தக் குளிர் முழுக்க அண்ணன் முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து, நெஞ்சில் விசில் இல்லாமல் பேப்பர் படித்தார். வசந்தம் வந்தபோது வேலை நிரந்தரமானது.

அக்கா திருந்திவிட்டார் என்று எழுதினால் அது புளுகு. போன மாதம் கலைக்களஞ்சியம் விற்க வந்த இளைஞனைச் சங்கிலிக்கு வெளியே நிற்க வைத்து, தகப்பன் வழி, தாய் வழி இரண்டையும் கறந்துவிட்டுத்தான் 'வேண்டாம்' என்றார்.

இந்த வருஷம் மே மாதத்து மூன்றாவது சனிக்கிழமை, குளிருக்கு முன்னால் லெஸ் வருஷா வருஷம் புகைபோக்கி துடைக்க வருகிற நாள். அக்கா நடையில் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் அக்காவுக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்துப் பெண் விஜயா; எசண்டனில் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறார், அங்கேயும் கணப்பு, அங்கேயும் புகை. விஜயாவின் குரல் எனக்கே கேட்டது. "நம்பிக்கையான ஆளாச் சொல்லுங்கோ அக்கா. நான் பகலில தனிய இருக்கிறனான்."

"லெஸ் எண்டு ஒருத்தர் இருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ள விடலாம்."

"ஆற்ற பெடியன், அக்கா? தகப்பன் ஆர்? எந்த ஊராம்?"

தெருமுனையில் ஒரு பழைய வேன் திரும்பும் சத்தம். அக்கா தலையைத் தூக்கிக் காது கொடுத்தார். பேசும் கருவியை மேசைமேல் வைத்தார். அதற்குள்ளிருந்து விஜயா, "ஹலோ? எந்த ஊர் எண்டு கேட்டனான், அக்கா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா செருப்பைச் சரக்சரக்கென்று தேய்த்தபடி நடந்து போய், வேன் வாசலுக்கு வருவதற்கு முன்பே சங்கிலியைக் கழற்றித் தொங்கவிட்டார்.