அம்மாவின் தகர போர்டு

ஹட்டனில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். எதிரே ஒரு தையல்கடையின் புது போர்டு. அதன் மூலையில் கடைக்கு வழி காட்டும் சிவப்பு அம்புக்குறி.

நோர்வூட் ரோட்டோரம் எங்க அம்மாவுக்கும் ஒரு போர்டு இருந்தது. பழைய தகரத்தில் 'ஜாக்கெட் தைக்கப்படும்' என்று எழுதி, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டைப் பார்த்து அப்பா அம்புக்குறி போட்டிருந்தார். அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போய், கடிதமும் நின்றுபோன பிறகும், அதைப் பார்த்து ஆட்கள் துணியோடு வந்தார்கள். கதவு தட்டும் சத்தம் கேட்டால் அம்மாதான் என்று ஓடுவேன். "அம்மா இருக்காங்களா?" என்பார்கள்.

"அந்த போர்டக் கழட்டிருங்கப்பா" என்று ஒருநாள் அழுதேன்.

"இருக்கட்டும் புள்ள. அதப் பாத்துதான் ஒருத்தராச்சும் அவள விசாரிச்சு வர்றாங்க" என்றார் அப்பா.

பஸ் வந்துவிட்டது. அப்பா இறந்து, அந்த போர்டும் போன பிறகு, அம்மா எங்கே என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை.