வெறுமனே ஓடிய மில்

நெடுங்கேணிக்குப் போகும் வீதியோரத்தில் நிற்கும் அரிசி மில் நான் கட்டியது. அதற்குப் பின்னால் இருக்கும் கிணறு, கருங்கல்லை உடைத்து நான் இறக்கியது. அதற்கப்பால் தெரியும் கல்வீடும் நான் எழுப்பியதுதான். போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்தபோது என் காணியில் நின்றவை பற்றைக்காடும் கூரை பறந்த இரண்டு சுவர்களும். வங்கிக்குப் போனால் இருக்க ஒரு கதிரை தரவில்லை; ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு மெஷின் எதற்கு என்று சிரித்தார்கள். உடைந்த மில்லொன்றைத் துண்டு துண்டாக வாங்கி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்து நானே பூட்டினேன். இவ்வளவும் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்றையும் நான் கட்டிக் கொடுத்தேன்: என் மருமகனின் முதுமாணிப் பட்டம்.

மருமகன் வவுனியாவில் அரசாங்க உத்தியோகத்தர். சனி, ஞாயிறில் கொழும்புக்குப் போய்த் தேசிய பாதுகாப்புக் கொள்கை என்றொரு படிப்புப் படித்தார். வன்னிச் சனம் எதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறது என்பது அவருடைய ஆய்வு. நல்ல கேள்விதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் வினாக்கொத்தை அச்சடித்துக்கொண்டு, மினுக்கிய சப்பாத்தோடு வீடு வீடாகப் போனார்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேப்பரும் பேனையுமாக ஒருவர் படலையைத் திறந்தால் கதிரையைத் துடைத்துப் போடுவார்கள், தேத்தண்ணி கொடுப்பார்கள், எதைக் கேட்டாலும் "ஒரு பிரச்சினையும் இல்லை ஐயா" என்பார்கள். பட்டுப் பட்டு வந்த பழக்கம் அது. மருமகன் அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார்.

"பாத்தீங்களே மாமா, எல்லாரும் பாதுகாப்பாத்தான் இருக்கினமாம்."

"தம்பி, எத்தினை வீட்டிலை தேத்தண்ணி தந்தவை?"

"எல்லா வீட்டிலையும்."

"அப்ப நீங்கள் தேத்தண்ணியைப் பற்றித்தான் எழுதலாம்."

அவருக்கு முகம் கறுத்தது. "கோவிக்காதேங்கோ. நாளைக்குச் சாரத்தைக் கட்டிக்கொண்டு மில்லுக்கு வாங்கோ. பேப்பரை மகளிட்டைக் குடுத்திட்டு வாங்கோ" என்றேன்.

நெல் குத்த வருபவர்கள் மூட்டைகளில் இருந்து கதைப்பார்கள். மெஷின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவருக்கே கத்தித்தான் சொல்ல வேண்டும். வீதியில் நிற்பவனுக்கு ஒரு சொல்லும் விளங்காது. அதனால் எங்கள் பக்கத்தில் மறைக்க வேண்டிய கதையெல்லாம் மில்லுக்குள்தான் கத்திச் சொல்லப்படும். மெஷின் நின்றால் வாயும் நின்றுவிடும்.

"இவர் என்ரை மருமோன். படிப்புக்குக் கேக்கிறார். ஒருத்தற்றை பேரும் எழுதமாட்டார். விருப்பமெண்டா சொல்லுங்கோ" என்று பொறுப்பெடுத்துச் சொன்னவன் நான்.

முள்ளியவளையிலிருந்து வந்த அம்மா ஒருவர் தொடங்கினார். "பாதுகாப்போ? வெளிநாட்டிலையிருந்து என்ரை தங்கச்சி வந்திட்டுப் போனா. பின்னாலை சீ.ஐ.டிக்காரன் ஒருத்தன் வந்து, ஆர் வந்தது, என்னத்துக்கு வந்தது எண்டு கேட்டான். கோழிக்கறி தின்ன வந்தவா எண்டனான்."

"எனக்கு ராவிலை யானை, பகலிலை வனத்திணைக்களம் என்ரை காணியிலை நடுற எல்லைக்கல்லு" என்றார் பக்கத்திலிருந்த கமக்காரர். "யானையெண்டாலும் விடியப் போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிப்பை விட்டு, காணாமல் போன தன் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது நெல் முடிந்துவிட்டது. என் கை சுவிட்சுக்குப் போய்த் திரும்பியது. நான் நிறுத்தவில்லை. நெல்லில்லாமல் ஓடினால் ரப்பர் உருளைகள் ஒன்றோடொன்று உரசித் தேயும். மில் வைத்திருக்கும் எவனும் அதைச் செய்யமாட்டான். நான் செய்தேன். குசினியிலிருந்து மனைவி ஓடி வந்தா.

"விசரே உங்களுக்கு? வெறுமில் ஓடுது!"

"ஓடட்டும். நீ போய்ச் சோத்தைப் பார்."

ஆய்வு முடியும்வரை இதே கதைதான். உருளைகள் வழுவழுவென்று போயின.

பட்டம் கிடைத்தபின் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் மருமகன் தன் ஆய்வைப் பற்றிப் பேசினார். வெள்ளை வேட்டியோடு முன்வரிசையில் இருந்தேன். இந்தச் சனத்தை எப்படி வாய் திறக்க வைத்தீர்கள் என்று ஒரு பெரியவர் எழுந்து கேட்டார். நான் நிமிர்ந்து இருந்தேன்.

"அது என்னுடைய ஆய்வு முறையியல். இயல்பான சூழலில் அவதானித்தேன்" என்றார் மருமகன்.

இயல்பான சூழலாம்! என் மில், என் கரண்ட், என் உருளை! விரிவுரையாளர்களுக்கு நன்றி சொன்னார், அச்சடித்தவருக்கும் நன்றி சொன்னார். மகள் என் கையை அமத்திப் பிடித்து, "அப்பா, பேசாமல் இருங்கோ" என்றா. சபையில் மருமகனை மறுத்துக் கதைப்பது எங்களில் வழக்கமில்லை.

திரும்பி வரும்போது வான் வண்டிக்குள் கேட்டார்: "எப்பிடி மாமா என்ரை பேச்சு?"

"நல்லாயிருந்தது. மில்லை எப்ப கட்டினனீங்கள்?"

"மாமா, இடம், பேர் ஒண்டும் சொல்லக்கூடாது. சனத்துக்குத்தான் ஆபத்து."

"சனத்தின்ரை பேரை எழுதாதேங்கோ எண்டு சொன்னதே நான். என்னை விட்டிடுங்கோ எண்டு எப்ப சொன்னனான்?"



இப்போது அந்த ஆய்வு புத்தகமாக வரப்போகிறதாம். அடுத்த படிப்புக்கும் மில்லுக்கு வர வேண்டுமாம். வரட்டும். கதிரையைத் துடைத்துப் போடுவேன், தேத்தண்ணி கொடுப்பேன், ஒரு பிரச்சினையும் இல்லை என்பேன். நான் கேட்பதைச் செய்யும்வரை வேறு ஒரு சொல் என் வாயிலிருந்து வராது. ஊரின் பெயர் வேண்டாம், என் பெயரும் வேண்டாம். 'சனம் வாய் திறக்கட்டும் என்று நெல்லில்லாத மெஷினை ஓட விட்டவர் என் மனைவியின் தகப்பன்' என்று மருமகன் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். ஒரு வரி போதும். ஆனால் அந்த வரி எனக்கு வேண்டும்.