வாளியில் போட்ட கரிசல்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை டீயைக் குடித்துவிட்டு கப்பை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். 'டப்'.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். "என்னத்த உடைச்சீங்க?"

நான் எதையும் உடைக்கவில்லை... சத்தியமாக! கப் தானாகவே வெடித்திருந்தது. வயிற்றுப் பக்கம் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சில்லு தெறித்து, அந்தக் குழியின் நடுவில் மிளகு அளவு ஒரு வெள்ளைப் புள்ளி. என் கையால் நானே வனைந்த முதல் கப்.

"நீங்க செஞ்சதுல்லா... ஒங்கள மாதிரியே முன்கோபம்" என்றார் மனைவி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் கோவில்பட்டியில் பழைய தீப்பெட்டி ஆபீஸ் கட்டடம் ஒன்றில் இப்போது மண்பாண்ட ஸ்டுடியோ நடக்கிறது. ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாடகைக்குப் பிடித்திருக்கிறோம். ரெண்டு சக்கரம், ஒரு கரண்ட் சூளை. சொல்லிக்கொடுப்பவர் கவிதா. விளாத்திகுளத்துப் பெண், என் மகள் வயது. நான் ரிட்டயர் ஆன கையோடு சேர்ந்தேன். கைக்கு வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். எங்கேயாவது போய்த் தொலையுங்கள் என்றார் மனைவி.

ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. சரிந்தது, கோணியது, மனதுக்குப் பிடிக்காதது — எல்லாம் மூலையில் இருக்கும் நீல வாளிக்குப் போகும். தண்ணீரில் ஊறிக் கூழாகும். யார் வேண்டுமானாலும் அதை அள்ளிப் பதப்படுத்தித் திரும்ப வனையலாம். அது பொது மண்.

கவிதா முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார். "யாரும் காட்டு மண்ணு கொண்டு வராதீங்க சார். கண்மாய்க் களிமண்ணு மட்டுந்தான். நம்ம கரிசல்ல சுக்கான் கல்லு கெடக்கும். அது சுண்ணாம்பு. சூளைக்குள்ள கமுக்கமா இருக்கும். வெளிய வந்து ஈரக்காத்து பட்டுச்சுன்னா ஊதி வெடிக்கும். பத்து நாள் கழிச்சுக்கூட வெடிக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. கரிசலைக் குறை சொல்வதா? அதுவும் ஒரு விளாத்திகுளத்துக்காரர்? பருத்தி விளையும், மிளகாய் விளையும், உளுந்து விளையும்... ஒரு பானை மட்டும் விளையாதா?

அடுத்த ஞாயிறு எங்கள் பருத்திக் காட்டிலிருந்து ஒரு பை மண்ணை எடுத்துப்போய், கவிதா அசந்த நேரம் பார்த்து ஒரு பானை வனைந்தேன். காயவைத்தால் சித்திரை மாதத்துக் காடு மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

அப்போதே வெளியே எறிந்திருக்க வேண்டும். ஆனால் யாராவது பார்த்துவிட்டால் மானம் என்ன ஆவது? நொறுக்கி, சத்தமில்லாமல் நீல வாளியில் போட்டுவிட்டேன்.

"வாளி மண்ணு ஏன் இம்புட்டுக் கறுப்பா இருக்கு?" என்று மறுவாரம் கவிதா கேட்டார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லெல்லாம் ஊறிக் கரைந்திருக்கும் என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து, அந்த வாளி மண்ணில்தான் என் கப்பைச் செய்தேன். அது போகட்டும். அதே மண்ணில்தான் செல்வியும் பன்னிரண்டு காபி கப் செய்திருந்தார்.

செல்வி எங்களோடு படிப்பவர். புதியம்புத்தூர் ரெடிமேட் யூனிட்டில் பத்து வருஷம் தைத்தவர். இப்போது இங்கே வீட்டிலேயே மெஷின் போட்டிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வருகிற பன்னிரண்டு பேருக்கும், தான் வனைந்த கப்பில்தான் காபி கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று செய்து முடித்திருந்தார்.

நினைத்துப் பாருங்கள். நடுவீட்டில் தாம்பூலத் தட்டு. சம்பந்தியம்மா கையில் காபி கப். 'டப்'!

பல்லி கத்தினாலே பல நாள் பேசுகிற ஊர் இது. கப் வெடித்தால் சும்மா விடுவார்களா? ராசியில்லாத பெண் என்று ஒரு வாய் சொன்னால் போதாதா? போதாக்குறைக்கு ரெண்டு நாளாகத் தூறல் வேறு. எங்கு பார்த்தாலும் ஈரக்காற்று.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேனா? அதுதான் இல்லை. தப்பு செய்தவன் புத்தி முதலில் மன்னிப்பைத் தேடிப் போவதில்லை... வக்கீலைத்தான் தேடுகிறது. எனக்குள் இருந்த வக்கீல் செவ்வாய், புதன் ரெண்டு நாளும் வாதாடினார். ஒரு கப்தானே வெடித்தது? உன் வனைப்பு சரியில்லாமல் இருக்கலாமே?

வியாழக்கிழமை மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்கன போயி கேசரி திம்பீங்க?" என்று மட்டும் கேட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

செல்வி வீட்டில் பன்னிரண்டு கப்பும் கழுவி, துணி விரித்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கருஞ்சிவப்பில் அவ்வளவு அழகு.

"வாங்க அண்ணாச்சி, காப்பி குடிக்கீங்களா?"

"வேண்டாம் தாயி. நாளைக்கு இந்தக் கப்பும் வேண்டாம். எவர்சில்வர் டம்ளர்ல குடுத்துரு."

செல்வியின் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் அண்ணாச்சி, நல்லா இல்லையா?"

சொன்னேன். காட்டு மண், பிளந்த பானை, வாளி, வெடித்த கப் — ஒன்றுவிடாமல். செல்வி ஒரு கப்பை நிமிர்த்தி உள்ளே பார்த்தார். பிறகு, "மூணு நாளாத் தெரிஞ்சும் சொல்லாம இருந்திருக்கீங்க" என்றார். நியாயம்தானே? தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு சிரட்டையோடு வந்தார். உள்ளே கைப்பிடி அளவு வெள்ளைக் கல். குருணை குருணையாக.

"ஒங்க காட்டுச் சொத்தா இது? பாருங்க."

"இது... எங்கன கிடந்துச்சு?"

"வாளி மண்ண வீட்டுக்குக் கொண்டாந்து பிசையுதேன், விரல்ல நறுக்கு நறுக்குன்னு தட்டுது. துணியில ஒரு நூல் முடிச்சு இருந்தாலே என் விரலுக்குத் தெரிஞ்சிரும், கல்லு தெரியாதா? நல்லாக் கரைச்சு, நெட் துணிய நாலா மடிச்சு ரெண்டு தடவ வடிகட்டிட்டேன். ஒரு பொடிக்கல்லு இருக்காது. நீங்க பயப்படாம இருங்க."

அப்பாடா! நெஞ்சில் கிடந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி வெளியே போட்டது மாதிரி இருந்தது. கண்ணும் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டேன்.

"இவ்வளவு கல்லு இருந்திருக்கு... யாரு போட்டதுன்னு நீ ஏம்மா கேக்கல?"

"மண்ணுன்னா கல்லு கெடக்கத்தான் செய்யும். அதுக்குப் போயி ஆளத் தேடிக்கிட்டு இருக்கவா? காப்பி போடுதேன், உக்காருங்க."

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் நடந்தது. வடிகட்டியது தெரிந்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சம்பந்தியம்மா ஒவ்வொரு வாய் குடிக்கும்போதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கலரு அம்சமா இருக்கே மைனி, எந்த ஊரு மண்ணு?"

"நம்ம கரிசல் கலந்தது மைனி. இந்தா நிக்காவளே அண்ணாச்சி, இவிய காட்டு மண்ணு" என்றார் செல்வி, சிரிக்காமல்.

பன்னிரண்டு கப்பும் முழுசாக அடுப்படிக்குத் திரும்பிய பிறகுதான் நான் கேசரியில் கை வைத்தேன். ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கவிதாவிடமும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ மீதி வாளி மண்ணைக் காட்டி, செல்வி கொடுத்த நெட் துணியை என் கையில் திணித்தார். அன்றிலிருந்து வாளி மண்ணை வடிகட்டுவது என் வேலை. என் காட்டுக் கற்கள் எல்லாம் ரெண்டே வாரத்தில் வெளியே வந்துவிட்டன.

நேற்றும் வடிகட்டினேன். துணியில் புதிதாகக் கொஞ்சம் கல் தங்கியது. வெள்ளை இல்லை... சிவப்பு. யாரோ ஒரு செவக்காட்டுக்காரருக்கும் தன் மண் மீது பாசம் பொங்கியிருக்கிறது!

நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தேன்.