அத்தான் சொல்லாத வரி

எங்கள் ஆலயத்தில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள், சிலர் போதகரைப் பார்ப்பார்கள். நான் என் அக்கா புருஷனின் வாயைப் பார்ப்பேன்.

காரணம் இருக்கிறது. வானத்தையும் பூமியையும் படைத்த கடவுள் என்று ஆரம்பிக்கும்போது எங்கள் வரிசையிலேயே கனமான குரல் அத்தானுடையதுதான். இயேசு அவருடைய ஒரே மகன் என்பதையும் கன்னியிடம் பிறந்தார் என்பதையும் தடங்கலில்லாமல் சொல்வார். பாடுபட்டார், சிலுவையில் அறைந்தார்கள், இறந்தார், அடக்கம் செய்தார்கள் என்கிற இடத்தில் தலையைக்கூட ஆட்டுவார், தானே கூட இருந்து கவனித்துக்கொண்ட மாதிரி. அதற்கு அடுத்தது மூன்றாம் நாள் உயிரோடு எழுந்ததைச் சொல்லும் வரி. அது வந்ததும் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதைத் தாண்டினால் குரல் திரும்பி வந்துவிடும். முடிவில் செத்தவர்களின் உடல் எழும் என்கிற இடத்தில் மறுபடியும் மௌனம். ஆமென் மட்டும் தெருக்கோடிவரை கேட்கும்.

வேறு யாருக்கும் இது தெரியாது. எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், என் பிழைப்பு அப்படி. பெரிய துணிக்கடையில் உடுப்பைப் போட்டுப் பார்க்கும் அறைகளுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்திருப்பவள் நான். கையில் எத்தனை உருப்படியோடு உள்ளே போகிறார்கள், எத்தனையோடு வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. சிரித்த முகத்தோடு மூன்று சட்டையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நடந்து போன மகராசிகளை எல்லாம் பிடித்திருக்கிறேன். கூடப் பிறந்தவளின் புருஷன் ஒரு வரியை முழுங்கினால் விட்டுவிடுவேனா?

முதலில் பல்வலி என்று நினைத்தேன். வாராவாரம் அதே வரியில் பல் வலிக்குமா? பிறகு ரகசியமாக வேறு எந்தக் கூட்டத்திலாவது சேர்ந்துவிட்டாரோ என்று பார்த்தேன். அவர் அப்படிப்பட்ட ஆளும் இல்லை. கடைசியாக, ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டு அந்த வரியைச் சொல்லப் பயப்படுகிறார் என்று முடிவு கட்டினேன். அக்காவிடம் சொன்னால், "உனக்குத் தண்ணியைக் குடுத்தாலும் மோந்து பாத்துட்டுத்தான் குடிப்ப" என்று வாயை அடைத்துவிடுவாள். ஆனால் அந்த வரி வரும்போதெல்லாம் அவள் குனிந்து செருப்பைப் பார்ப்பாள். அதையும் நான் கவனித்து வைத்திருந்தேன்.

அத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் பிணவறை ஊழியர். அங்கே எல்லாரும் அவரைக் 'கடைசி ரூம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வார்டில் இறந்தவர்களைக் குளிப்பாட்டி, துணி சுற்றி, கட்டி, வீட்டாரிடம் ஒப்படைப்பது அவர் பொறுப்பு. நகம் ஒட்ட வெட்டியிருப்பார். எப்போதும் சோப்பு வாசனை. வேலையைப் பற்றி வீட்டில் மூச்சு விடமாட்டார். வாய் திறந்தால் அது என்னைக் கேலி செய்வதற்குத்தான். "வா சி.ஐ.டி, இன்னைக்கு யாரைப் பிடிச்ச?" என்பார்.

போன வருஷம் அக்காவின் வயிற்றில் கட்டி என்றார்கள். அறுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். அத்தான் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரி. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். மருந்து, ரத்தம், செலவு என்று ஏதாவது பேசுவாள் என்று நினைத்தேன். அவள் அத்தானைப் பார்த்து, "என்னங்க, அந்த வரியை ஒரே ஒரு தடவை என் காதுல சொல்லிடுங்க" என்றாள்.

அப்படியானால் அவளுக்கும் தெரியும். இத்தனை வருஷமும் தெரிந்துதான் செருப்பைப் பார்த்திருக்கிறாள்.

அத்தான், "வராதது எப்படி வரும்?" என்றார்.

"பொய்யாவாவது சொல்லுங்க."

"கடவுள்கிட்டயா?"

"என்கிட்ட."

"உன்கிட்ட இதுவரைக்கும் பொய் சொன்னதில்லையே" என்று எழுந்து டீ வாங்கப் போய்விட்டார்.

அக்கா பொலபொலவென்று அழுதாள். கட்டிக்காக அழவில்லை. அவள் தினமும் காலையில் வேதாகமம் வாசித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். அதில் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே நம்புகிறவள். இயேசு சாவை ஜெயித்துவிட்டார், அதை நம்புகிறவர்களைத் தம்மோடு சேர்த்துக்கொள்வார், அவ்வளவுதான் அவள் கணக்கு. "நான் போற இடத்துக்கு இவரு வரலேன்னா, அங்க நான் யாருகூடடி சண்டை போடுவேன்?" என்றாள். அத்தான் மேல் கொலைவெறியே வந்தது. ஒரு வரி, மூச்சு விடும் நேரம்கூட ஆகாது, அதைச் சொல்லக் கசக்கிறதா இந்த மனுஷனுக்கு?

அக்காவை வார்டில் சேர்த்தோம். அவள் அத்தானோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அத்தான் சாப்பாடு கொண்டுவந்து வைப்பார், அவள் ஜன்னலைப் பார்ப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரி. அறுவைக்கு முதல் நாள் மத்தியானம் தண்ணீர் பிடிக்கக் கீழே போனபோது, ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற அம்மா என்னை ஓரமாக இழுத்தாள்.

"தப்பா எடுத்துக்காத. கடைசி ரூம்காரரு உள்ள யாரோ பொம்பளைகூடப் பேசிட்டிருக்காரு. துணி குடுக்கப் போனப்ப கேட்டேன். அம்மா, கை குடுங்கன்னு ஒரே கொஞ்சல். போயிட்டு வாங்கன்னு வேற சொல்றாரு. நானும் ரொம்ப நேரம் நின்னு பாத்தேன், வெளிய யாருமே வரல. பின்னாடி ஏதாவது வழி இருக்கோ என்னவோ."

அடித்தேன் பார் என்று ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. அந்த வரி ஏன் வாயில் நுழையவில்லை என்று இப்போது புரிந்துவிட்டது. அக்கா மேலே கட்டியோடு படுத்திருக்கிறாள், இவருக்குக் கீழே கொஞ்சல் கேட்கிறது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனேன்.

நீளமான நடை. அதன் கோடியில் சாம்பல் நிறக் கதவு. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். காதை வைத்தேன்.

"கொஞ்சம் சில்லுனு இருக்கும், பொறுத்துக்கங்கம்மா. இந்தக் கையைத் தூக்குறேன். வலிக்காது. அவ்ளோதான், முடிஞ்சுது."

சந்தேகமே இல்லை, அத்தான் குரல்தான். இவ்வளவு இதமாக அக்காவிடம்கூட அவர் பேசிக் கேட்டதில்லை. துணி சரசரத்தது. சற்று நேரம் கழித்து, "சரிம்மா, போயிட்டு வாங்க" என்றார். கையும் களவுமாகப் பிடிக்கிற நேரம் அதுதான் என்று கதவைத் தள்ளினேன்.

மேஜைமேல் ஒரு வயதான அம்மாள். கழுத்துவரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. தலையை வகிடெடுத்து வாரிவிட்டிருந்தார். அத்தான் கையில் முகத்தை மூடுகிற துணி. பின்வழி எதுவும் இல்லை, ஜன்னல்கூட இல்லை. அசடு வழிய நின்றேன்.

"வா சி.ஐ.டி" என்றார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "யாரைப் பிடிக்க வந்த?"

"யார்கிட்டப் பேசிட்டிருந்தீங்க?"

"இவங்ககிட்டத்தான். பெத்தவங்க குளிப்பாட்டினது போக, வேற ஆள் தொடுறோம். சொல்லாமத் தொட்டா நல்லாவா இருக்கு?"

அந்தத் துணியால் முகத்தை மூடினார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எதையாவது மறைக்கிறாரா என்று பார்ப்பது என் பழக்கம். அப்போதுதான் கட்டுகள் கண்ணில் பட்டன. பாதத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று, மார்பில் ஒன்று. மூன்றும் சுருக்குக் கண்ணி விட்ட முடிச்சு. ஒரு நுனியை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். நுனி மூன்றும் வெளியே தொங்கவில்லை. துணிக்குள்ளே, அந்த அம்மாளின் விரல்கள் இருக்கிற பக்கமாகப் போயிருந்தன.

நானும் துணிக்கடைக்காரிதான். தூக்கிக்கொண்டு போகிற பொதியை யாரும் இப்படிக் கட்டமாட்டார்கள்.

"எல்லாருக்கும் இப்படித்தான் கட்டுவீங்களா?"

"ம்."

"ஏன்?"

அத்தான் கை கழுவப் போனார். முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினார்.

"வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு பையனைக் கொண்டுவந்தாங்க. அவன் அம்மா பக்கத்துல நின்னு, எந்திரிடா, ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னே சொல்லிட்டிருந்தாங்க. நானும் மனசுக்குள்ள எந்திரி, எந்திரின்னேன். நம்பித்தான் சொன்னேன். அவன் எந்திரிக்கல. அதுக்கப்புறம் அந்த வரி வந்தா நாக்கு புரள மாட்டேங்குது. மத்ததெல்லாம் சரி. உலகத்தைப் படைச்சப்ப நான் இல்ல, சொல்றாங்க, ஒத்துக்கிறேன். கன்னிக்குப் பொறந்தாருன்னா, நான் பிரசவ வார்டுல வேலை பாக்கல. ஆனா செத்தவங்க விஷயம் என் டிபார்ட்மெண்ட். தினம் பாக்குறேன். பாத்ததுக்கு மாறா எப்படிச் சத்தமாச் சொல்றது?"

"இயேசுவோட சீஷன் தோமாவும்தான் மொதல்ல நம்பல."

"அவருக்குக் காயத்தைக் காட்டினாங்க. எனக்கும் யாராவது காட்டட்டும், சொல்றேன்." தண்ணீரை நிறுத்தினார். "ஒரு விஷயம் மட்டும் உறுத்திட்டே இருக்கு. இயேசுவோட கல்லறையில தலைத்துணி தனியாச் சுருட்டி வச்சிருந்துதுன்னு வேதத்துல எழுதியிருக்கான் பாரு. பிணத்தைத் திருடுறவன் துணியை அவுத்துட்டிருக்க மாட்டான். கதை கட்டுறவனுக்கு அந்தத் துணி நெனப்பே வராது. அதை எழுதினவன் மேல எனக்குச் சந்தேகம். நெஜமாவே பாத்துட்டானோன்னு."

"அப்ப நம்புறீங்களா?"

"அப்படியும் சொல்ல முடியல."

"பின்ன எதுக்கு இந்த முடிச்சு?"

அத்தான் திரும்பினார். என்னிடம் திட்டு வாங்கப்போகிற பையன் மாதிரி இருந்தது முகம்.

"ஒருவேளை நான் சொல்றது தப்பா இருந்துட்டா? எந்திரிக்கிற அன்னைக்கு, நான் இறுக்கிக் கட்டினதால யாரும் கஷ்டப்படக் கூடாது பாரு."

நான் குடத்தையும் மறந்துவிட்டு நேரே மேலே போய் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். துணி வெளுக்கிற அம்மா சொன்னதைச் சொன்னபோது அக்கா சிரித்தாள். முடிச்சைச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. போயிட்டு வாங்க என்று அவர் சொல்லி அனுப்புவதைச் சொன்னதும் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம்கூட வாய்தவறி அந்த வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறோம். இந்த மனுஷன் செத்தவர்களிடமே அதைச் சொல்கிறார்.

"நிஜமாவா? உன் காதால கேட்டியா?" என்றாள். என்னிடமிருந்து சந்தேகம் அவளுக்கும் தொற்றிக்கொண்டது.

மறுநாள் காலை பச்சை அங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதுகுப் பக்கம் நாடா வைத்துக் கட்டுகிற அங்கி. நர்ஸ் கட்ட வந்தபோது, "அவரு கட்டட்டும்" என்றாள் அக்கா. அத்தனை நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவரைப் பார்த்துப் பேசினாள்.

அத்தான் பின்வாங்கினார். "என் கை வேண்டாம். வேற யாராவது கட்டட்டும்."

"கட்டுங்கன்னா."

கட்டினார். அக்கா கையைப் பின்னால் விட்டுத் தடவி, நுனியைக் கண்டுபிடித்து இழுத்தாள். அவிழ்ந்துவிட்டது. "இழுத்தா வருதுடி" என்றாள் என்னைப் பார்த்து. அத்தான் என்னை முறைத்தார். பிறகு திரும்பவும் கட்டினார், அதே முடிச்சுதான்.

படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் நாங்கள். அறுவை அறையின் கதவுவரைதான் விடுவார்கள். அங்கே நின்றபோது, இப்போது அந்த வரியைக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. "என்னங்க, போயிட்டு வரேன்" என்றாள்.

நான் அத்தானின் வாயைப் பார்த்தேன். உதடு இரண்டும் ஒட்டியிருந்தன. குனிந்து, தொப்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முடியை உள்ளே தள்ளிவிட்டார். மார்புவரை போர்வையைச் சரிசெய்தார். பிறகு ஆமென் சொல்கிற அந்தக் கனத்த குரலில், நடை முழுக்கக் கேட்கும்படி, "போயிட்டு வா" என்றார்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "சொல்லிட்டாரு. கேட்டியா?"

"கேட்டேன்" என்றேன்.

அக்கா திரும்பி வந்தாள். கட்டி கெட்டது இல்லை என்றார்கள். யார் இப்படி இழுத்ததும் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போட்டது என்று நர்ஸ்தான் உள்ளேயிருந்து வந்து சத்தம் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வரி வரும்போது அக்கா இப்போது செருப்பைப் பார்ப்பதில்லை. நாங்கள் இரண்டு பேருமே அவர் வாயைப் பார்க்கிறோம். போன வாரம் உதடு லேசாக அசைந்தது. கொட்டாவி என்றேன் நான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.